பென்சில் புள்ளி

அந்தப் பள்ளிக்கூடத்தில் மணியக்காவின் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. காலையில் மணி அடிப்பதும், வருகைப் பதிவேட்டை வகுப்பு வகுப்பாகத் தூக்கிக்கொண்டு போவதும் அவள் வேலை. அதனால் முதல் வகுப்புப் பொடிசுகளிலிருந்து தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மணியக்காதான்.

பதிவேட்டில் அவள் கமுக்கமாக ஒரு காரியம் செய்துவந்தாள். முதல் மணிக்கு வராத பிள்ளையின் கட்டத்தில் மையால் 'வரவில்லை' என்று போடவேண்டும் என்பது சட்டம். மணியக்கா பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்பாள். இரண்டாம் பாடவேளை முடிவதற்குள் பிள்ளை வந்து சேர்ந்தால் புள்ளியை அழித்துவிட்டு வருகை போடுவாள். வராவிட்டால்தான் மை. பதினோரு வருஷமாக இது நடந்தது. மாதக் கடைசியில் கையெழுத்துப் போடும் பெரிய டீச்சரின் கண்ணில் அழித்த தடம் படாமலா இருக்கும்? அவரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

அந்தப் புள்ளியால் அதிகம் தப்பித்தவள் எட்டாம் வகுப்பு ஓட்டக்காரி. தினமும் வாசலிலிருந்து வகுப்பு வரைக்கும் ஓடியே வருவாள். அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. அம்மா வீடு திரும்பும் வரை, படுக்கையை விட்டு எழ முடியாத அப்பாவைத் தனியே விட்டுவிட்டு இவளால் கிளம்ப முடியாது.

இந்த வருஷம் எட்டாம் வகுப்புக்குப் புரோகிராமிங் பாடம் வந்தது. கம்ப்யூட்டர் சார் பிள்ளைகளைக் கொண்டே பள்ளிக்கு ஒரு வருகைப் புரோகிராம் எழுதவைத்தார். விதிகளை எழுதும் பொறுப்பு அதே வகுப்பில் படித்த மணியக்காவின் மகளுக்குக் கிடைத்தது. மகளுக்குக் கால் தரையில் படவில்லை.

அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "அம்மா, வருகைன்னா என்னம்மா? வந்தாச்சு, வரலை, ரெண்டுதானே? வேற ஏதாவது இருக்கா?"

மணியக்காவின் கை துணி மடிப்பதை நிறுத்தியது. புள்ளியைச் சொன்னால் அது நோட்டில் ஏறும், சாரிடம் போகும், சட்டத்தை மீறியது வெளியே வரும்.

"ரெண்டுதான். வேற என்ன இருக்கப்போகுது?"

மகள் அப்படியே எழுதினாள். காலை எட்டரைக்கு முதல் மணி அடித்ததும் பட்டியல் மூடிக்கொள்ளும். தொடர்ந்து இருபது நாள் வராதவர் பெயர் நீங்கும், வீட்டுக்குக் கடிதம் போகும். இருபது நாள் என்பது பள்ளியின் பழைய சட்டம்தான். ஆனால் அதுவரை அந்தச் சட்டத்துக்கு யாரும் இரையானதில்லை.

புரோகிராம் ஓட ஆரம்பித்துப் பதிவேடு கையைவிட்டுப் போனதும் மணியக்கா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். படித்தவர்கள் செய்தது, தாமதத்துக்கும் அதில் ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தாள். இருபத்தோராம் நாள் ஓட்டக்காரியின் வீட்டுக்கு அச்சாகி வந்த கடிதத்திலும் பெரிய டீச்சர் மற்றக் காகிதங்களோடு கட்டோடு கட்டாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் வாசலில் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய டீச்சர் தலைமையில் பெற்றோர் கூட்டம் கூடியது. புரோகிராமிங் பாடம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பேச்சு.

"எங்க வீட்டுல அடுப்புல பால் பொங்குறது என் பொண்ணு கண்ணுக்குத் தெரியலை. இதுல ஊர்ப் பிள்ளைங்க வந்தாச்சா இல்லையான்னு அவ கண்டுபிடிக்கிறாளாம்!" என்றார் ஒரு தையல்காரர். கூட்டம் சிரித்தது.

"சிரிக்காதீங்கண்ணே," என்றாள் மருந்துக்கடைக்காரி. "எங்க கடையில எல்லாமே மெஷின்தான். அது ஏன் அப்படிச் சொல்லுதுன்னு எனக்கு ஒரு மண்ணும் புரியாது. என் பிள்ளைக்காவது புரியட்டுமே."

"புரிஞ்சு என்னம்மா பண்றது? தினமும் வகுப்புல உட்கார்ந்திருந்த பொண்ணையே வரலைன்னு சொல்லிருக்கே. இது படிப்பா, பாவமா?" என்று திருப்பிக் கேட்டார் தையல்காரர்.

முன் பெஞ்சிலிருந்து மணியக்காவின் மகள் எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"விதி எழுதினது நான்தான். தப்பு என் மேலதான். அதுக்காகப் பாடத்தை நிறுத்திடாதீங்க."

கதவோரம் நின்ற மணியக்கா மகளையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பும். பழி முழுக்கப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் விழும்.

"அவ மேல தப்பில்லை டீச்சர்," என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "என்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினா. லேட்டா வர்ற பிள்ளைங்களுக்கு நான் பென்சில்ல புள்ளி வச்சுட்டு, வந்தப்புறம் அழிப்பேன். அதைச் சொல்லப் பயந்து, ரெண்டே ரெண்டுதான்னு பொய் சொல்லிட்டேன்."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மணியக்காவால் தாங்க முடியவில்லை.

"பென்சில் வைக்கிறது சட்டப்படி தப்புன்னு தெரியுமா?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

"தெரியும் டீச்சர்."

"எனக்கும் தெரியும்," என்றார் பெரிய டீச்சர். "அழிச்ச தடத்துக்குக் கீழதான் நான் வருஷக்கணக்கா கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடுதாசியிலயும் படிக்காம போட்டது நான்தான். முதல்ல அந்தப் பொண்ணு திரும்பி வந்து வகுப்புல உட்காரட்டும். அவ வந்தா பாடம் இருக்கும். வரலைன்னா, இதைச் சொல்லிக்கொடுக்கிற யோக்கியதை நமக்கு இல்லைன்னு மூடிடுவோம்."

மணியக்காவும் மகளும் நேராக ஓட்டக்காரியின் வீட்டுக்குப் போனார்கள். வழியில் ஒரு திருப்பத்தில் மகள் நின்று, "நீ சொல்லியிருந்தா மூணாவதா ஒண்ணு எழுதியிருப்பேனேம்மா," என்றாள்.

ஒற்றை அறை வீடு. கட்டிலில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஓட்டக்காரி தரையில் உட்கார்ந்து, ஏதோ கம்பெனிக்காக அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் அம்மா வேலை உடுப்போடு கதவை மறித்து நின்றாள். "பேரை எடுத்தாச்சுன்னு கடுதாசி வந்துச்சு. லேட்டா வர்றவளுக்கு இது வேணும்தான்னு இவளே சொல்லிட்டா. இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

"பேரைச் சேர்த்துக்கிறோம்னு பெரிய டீச்சரே சொல்லிட்டாங்க. நாளைக்கே அனுப்புங்க," என்றாள் மணியக்கா.

"அனுப்புறேன்னு வச்சுக்கோங்க. மறுபடி ஒருநாள் மெஷின் வெளியே தள்ளும். அப்ப இவ மூஞ்சியை நீங்களா வந்து பார்ப்பீங்க? ஒரு தடவை பட்டது போதும்."

மணியக்காவின் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பெட்டிகளுக்கு நடுவே ஓட்டக்காரியின் எதிரில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"உன்னைக் கேட்காம எழுதினேன். இப்ப கேக்குறேன். காலையில எந்திரிச்சதுலயிருந்து சொல்லு. ஒண்ணும் விடாதே."

"எதுக்குடி? கிண்டல் பண்ணவா?"

"விதியைத் திருத்தி எழுத."

ஓட்டக்காரி ஒரு பெட்டியை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள், மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அப்பாவுக்கு முகம் துடைப்பது, மாத்திரை, கஞ்சி, அம்மாவின் பஸ் எட்டே முக்காலுக்குத் தெருமுனையில் நிற்பது. மகள் ஒவ்வொன்றையும் எழுதினாள்.

"எட்டே முக்கால்," என்று எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னாள்.

வாசலை மறித்து நின்ற அம்மா கதவிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே வந்து நோட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எட்டே முக்கால்னு எழுதாதே," என்றாள். "மழை பெஞ்சா பஸ் ஒம்பது ஆகும். எனக்கு அடுத்து டூட்டிக்கு வர்றவ லேட்டா வந்தா ஒம்பதேகாலும் ஆகும். அதையும் சேர்த்து எழுதும்மா."