சுவருக்கு அடியில் போகும் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், வீட்டுத் தோட்டங்களை வடிவமைப்பவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் "மதியம் நிழல் எங்க விழுது?" என்றுதான் கேட்பாராம். அதனால் வேலையாட்கள் வைத்த பெயர் 'நிழல் மேடம்'. முக்கால் கதை ஆகியிருந்தபோது அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது வாய் மரத்திருந்தது. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆகவே கடைசிக் கால்வாசிக்கு நானே பொறுப்பு.

முதல் வரியாக இதை எழுதிப் பார்த்தேன்: "இரண்டு வீடுகளுக்கு நடுவே அல்ல, இரண்டு இதயங்களுக்கு நடுவே எழும்பிய அந்தச் சுவர்—"

வேண்டாம். சுவர் செங்கல்லால் ஆனது. அப்படியே இருக்கட்டும்.

2

நிழல் மேடத்தைக் கூப்பிட்டவள் தங்கை. பெரிய வீட்டை இரண்டாகப் பிரித்து, கொல்லைக்கு நடுவே சுவர் வைத்து, இந்தப் பாதியில் அவளும் அந்தப் பாதியில் அக்காவும் இருந்தார்கள்.

"எது வெச்சாலும் கருகுது மேடம். புல்லு கூட என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்குது" என்றாள் தங்கை. அவள் கேட்டது அதிகமில்லை. சாயங்காலம் உட்கார ஓர் இடம், துணி காயப்போட வெயில், சமையலுக்குக் கொஞ்சம் கீரை.

நிழல் மேடம் ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டினார். உருண்டை உடையவில்லை. களிமண். பிறகு கண்ணை மூடி, தான் தண்ணீராக இருந்தால் எங்கே போவோம் என்று யோசித்தார். உடம்பு கனமிழந்தது. கூரையிலிருந்து இறங்கினார், கல்லைச் சுற்றினார், அவசரமே இல்லாமல் சரிவில் நழுவினார். எங்கேயோ தொலைவில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீருக்கு அதுவும் ஒரு தாலாட்டு. போய்க்கொண்டே இருந்தவர் சட்டென்று ஒன்றில் முட்டி நின்றார். சுவர். ஆனால் அவர் முட்டியது அதன் மறுபக்கத்தில்.

(ஒரு தொழில்காரர் இப்படிக் கண்ணை மூடிக் கனவு காண்பாரா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. கேட்டேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயையும் பிடித்துப் பார்த்தாராம். குழாயும் கனவும் ஒரே பதிலைத்தான் சொன்னதாம்.)

"அந்தப் பக்கம் போய்ப் பார்க்கணுமே."

"நீங்க போங்க. நான் வரமாட்டேன். சுவர் கட்டினவளே அவதான்."

3

அக்கா கதவை ஒரு முகம் தெரியும் அளவுக்குத்தான் திறந்தாள்.

"அவ அனுப்பினாளா?"

"இல்லம்மா. தண்ணி அனுப்பிச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே கதவை முழுசாகத் திறந்தாள்.

பின்னால் கொல்லை குளமாகக் கிடந்தது. வானம் முழுக்க அதில் இறங்கிப் படுத்திருந்தது. அதன் நடுவில் மஞ்சள் பூத்த இலைகளோடு ஓர் எலுமிச்சை. வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது.

"மண்ணைக் கொட்டி அவ பக்கத்தை மேடாக்கிட்டா. வேணும்னே."

"அவங்க பக்கம்தாம்மா பள்ளம். தண்ணி காலங்காலமா அங்கதான் போயிருக்கு. இப்ப உங்க சுவர் பிடிச்சு வெச்சிருக்கு. இங்க வேர் அழுகுது, அங்க வேர் கருகுது."

அக்கா எலுமிச்சையிடம் போனாள். ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளி, மடித்து, மறுபடி மடித்தாள்.

4

ஏன் சண்டை?

சொத்துத் தகராறு என்று முதலில் எழுதினேன். எல்லோரும் உடனே நம்புவார்கள் என்பதாலேயே அடித்தேன். "ஒரு கல்யாணப் பேச்சில் தங்கை சொன்ன ஒரு வார்த்தை—" என்று அடுத்து ஆரம்பித்தேன். அந்த வார்த்தை என்னவென்று எனக்கே தெரியவில்லை.

நிழல் மேடம் சொன்னது இதுதான். எலுமிச்சையைப் பார்த்தபடியே அக்கா சொன்னாள்:

"அப்பா படுக்கையில விழுந்தப்ப அவ வெளியூர்ல வேலையில இருந்தா. குளிப்பாட்டினது, ஊட்டினது, ராத்திரி முழிச்சது எல்லாம் நான். கடைசியில அவருக்கு நினைவு தப்பிப்போச்சு. வாயில சோறு வெப்பேன், அவ பேரைச் சொல்லி 'வந்துட்டியா கண்ணு'ன்னு கேப்பார். நானும் 'வந்துட்டேம்பா'ன்னு சொல்லுவேன். போற வரைக்கும் என் பேரை ஒரு தடவை கூடச் சொல்லல. காரியம் முடிஞ்ச அன்னிக்கு அவ என் தோள்ல சாஞ்சு, 'அப்பா என்னை மறந்தே போயிருப்பாரு'ன்னு அழுதா. அப்ப வாயைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டேன்."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க."

நிழல் மேடம் திரும்பி வந்தபோது தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். "அக்கா என்ன சொன்னா?"

"எலுமிச்சைக்கு வேர் அழுகுதுன்னாங்க" என்றார் நிழல் மேடம்.

5

வார்த்தையைச் சுமக்க அவருக்கு அனுமதியில்லை. தண்ணீரைச் சுமக்கலாம். அன்று மாலை வரைந்தார். அக்கா பக்கத்தில் மரத்தைச் சுற்றி மேடு. அங்கிருந்து கூழாங்கல் பரப்பிய ஆழமில்லாத வாய்க்கால். சுவரைக் கடந்து தங்கை பக்கத்தில் ஓர் அகலமான பள்ளப் பாத்தி. அதில் நனைந்தாலும் காய்ந்தாலும் தாங்குகிற வெட்டிவேர், ஈரத்தில் குஷியாகிற கல்வாழை. மிஞ்சியது தெருக் கால்வாய்க்கு. பென்சில் போகப் போக, காகிதத்தில் ஈரம் பரவுவதுபோல இருந்ததாம்.

தங்கை உடனே சம்மதித்தாள். அக்கா வரைபடத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஓட்டை போட்டுக்கோங்க. ஆனா முகம் தெரியாத உயரத்துல."

சுவரின் அடியில், ஒரு பூனை குனிந்து போகும் அளவுக்கு, திறந்தார்கள்.

தோட்டம் பிழைத்தது. அதை மட்டும் அடித்துச் சொல்வேன். எலுமிச்சை பச்சைக்குத் திரும்பியது. இந்தப் பக்கம் கீரை முளைத்தது.

6

(இங்கிருந்து நான்.)

ஒரு பிற்பகல், வெயில் அடிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தங்கை ஜன்னலில் நின்று பார்த்தாள். பாத்தி நிறையவில்லை. குடையை எடுத்தவள், திறக்காமலேயே ஓடினாள். சுவர் ஓட்டையின் வாயில் இலையும் சேறும் அடைத்திருந்தன. குந்தி உட்கார்ந்து கையை விட்டாள். உள்ளே, அந்தப் பக்கத்திலிருந்து, இன்னொரு கை ஏற்கெனவே இலைகளை இழுத்துக்கொண்டிருந்தது.

"இரண்டு கைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு—" அடித்தேன். சேற்றுக் கை வழுக்கும்.

"அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவை—" இதையும் அடித்தேன். எடுத்த வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவள் இல்லை அவள். அப்பாவைப் பார்த்துக்கொண்டவள்.

ஆகவே இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து இலைகளை எடுத்தார்கள். கடைசிக் கொத்து வந்ததும் சுவர் ஒருமுறை விக்கியது. தண்ணீர் புரண்டு வந்து தங்கையின் முழங்கால்களை நனைத்துப் பாத்திக்குள் இறங்கியது. கல்வாழை இலைகள் தூக்கத்தில் தலையசைப்பதுபோல அசைந்தன.

தங்கை கன்னம் தரையில் படுமளவு குனிந்தாள்.

"அக்கா" என்றாள். "அக்கா, நீயா?"

அந்தச் சொல்லால் அவளைக் கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

அக்கா என்ன சொன்னாள் என்று எழுத நாலு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் என் குரல்தான் வந்தது, அவள் குரல் வரவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. உங்களுக்கு இருக்கலாம். பேசாமல் போன ஆண்டுகளும் இருக்கலாம். மழை இன்னும் விடவில்லை, இருவரும் குனிந்தபடிதான் இருக்கிறார்கள். இந்த வரியை நீங்கள் எழுதுங்கள்:

அக்கா சொன்னாள், "