மாற்று விடுமுறை

டீ எனக்கா? அப்படியென்றால் கேட்கப்போவது பெரிசாகத்தான் இருக்கும்.

விண்ணரசி கண்ணாடி டம்ளரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயங்கொண்டம் சாலையில் இருக்கும் அந்த ஷூ கம்பெனியில் பல வருஷமாகத் தோல் தைக்கிறாள். எச்.ஆர். அதிகாரி ஜெயப்பிரகாஷின் அறைக்குள் இதுவரை நின்றுதான் பழக்கம். இன்று நாற்காலி போட்டிருந்தார். ஃபேன்கூட அவள் பக்கம் திருப்பிவிடப்பட்டிருந்தது.

“வரதராஜன்பேட்டை கோயில்ல நீங்கதான் பைபிள் வாசகம் வாசிக்கிறீங்களாமே. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேக்குமாம்!”

“மைக் இருக்குங்க சார்.”

அவர் சிரித்தார். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

“விஷயம் இதாம்மா. ஆகஸ்ட் பதினஞ்சு கன்டெய்னர் கெளம்பணும். எல்லாரும் வேலைக்கு வரணும். நான் மெசேஜ் போட்டா ஒருத்தரும் பாக்க மாட்டேங்குறாங்க. நம்ம தையல் லைன் வாட்ஸப் குரூப்ல நீங்க ஒரு வாய்ஸ் போட்டா போதும். ‘நாம எல்லாரும் சந்தோஷமா சம்மதிச்சிருக்கோம், தவறாம வந்துருங்க’ன்னு.”

“யாரு சம்மதிச்சாங்க சார்?”

“நீங்க சொன்னா சம்மதிச்சிருவாங்கல்ல.”

சம்மதித்ததாக முதலில் சொல்லிவிட வேண்டும், பிறகு அவர்கள் சம்மதிப்பார்கள். படித்த மனுஷன் எதையும் தலைகீழாகச் செய்தால்தான் அழகு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் இவரேதான் கேன்டீனில் திரை கட்டித் தொழிலாளர் உரிமை வகுப்பு எடுத்தார். ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வந்திருந்தார்கள். திரையில் இருந்ததை உரக்க வாசிக்கும் வேலை விண்ணரசிக்கு. சுதந்திர தினம் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை செய்தால் இரட்டைச் சம்பளம். இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும், சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறையும். வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். முதல் வரிசையில் இருந்த பச்சையம்மாள், “லீவும் வுட்டு சம்பளமும் குடுக்குறாரே மொதலாளி, மகராசன்” என்று உருகிப்போனாள். வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலமே, வகுப்புக்காகக் கொடுத்த புது ஏப்ரன்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த வகுப்பில் யாருக்காவது ஏதாவது புரிந்து தொலைக்கும் என்று ஜெயப்பிரகாஷ் எதிர்பார்த்திருக்கவே மாட்டார்.

“டபுள் சம்பளங்களா சார்?”

“அதுக்கெல்லாம் மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா. மாற்று விடுமுறை தர்றோம். சட்டத்துலயே இருக்கு, நீங்கதான வாசிச்சீங்க!”

“என்னைக்குங்க?”

“அடுத்த வாரம் புதன்கிழமை.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். புதன்கிழமை துணைமின் நிலையத்தில் பராமரிப்பு வேலை, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு இருக்காது என்று நேற்றே எல்லோருடைய போனுக்கும் செய்தி வந்துவிட்டது. கம்பெனி ஜெனரேட்டர் ஆபீசுக்கு மட்டும்தான் தாங்கும். தையல் மெஷின்கள் ஓடாது. அந்த மாதிரி நாட்களில் எப்போதும் அவர்களை உட்காரவைத்து நூல்கண்டு பிரிக்கச் சொல்வார்கள், தரை கூட்டச் சொல்வார்கள்.

“புதன்கிழமை கரண்டே இருக்காதுங்களே சார்.”

“அதனாலதாம்மா. ரெண்டு பேருக்கும் வசதி.”

முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. உண்மையிலேயே தன் கெட்டிக்காரத்தனத்தை அவள் பாராட்டுவாள் என்று காத்திருந்தார். தனக்கு உதவாத ஒரு நாளை மடித்து இரண்டு கையாலும் நீட்டுகிறார். வீட்டிலும் அன்று மோட்டார் ஓடாது, மிக்ஸி ஓடாது, ஃபேன் சுத்தாது. பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு கம்பெனி கொடுத்த விடுமுறையை அனுபவிக்கலாம்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க பதினஞ்சாந் தேதி வர வேணாம். உங்களுக்கு அன்னிக்கு மாதா திருநாள், எனக்குத் தெரியாதா? கோயிலுக்குப் போங்க, சம்பளம் உண்டு. லைன் லீடர் போஸ்ட்டுக்கும் உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்.”

லைன் லீடர். குனிந்து தைக்க வேண்டாம். ராத்திரி கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்க வேண்டாம். அதுவரை அவரை ஏளனம் பண்ணிக்கொண்டிருந்த மனசு சட்டென்று வாலைச் சுருட்டிக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்ததை விண்ணரசி உள்ளே பார்த்தாள். இவ்வளவுதானா நீ? ஒரு டம்ளர் டீயும் ஒரு பதவியும் போதுமா உனக்கு? கணக்கும் போட ஆரம்பித்துவிட்டது: ஒரு வாய்ஸ்தானே, அரை நிமிஷம், யார் கேட்கப்போகிறார்கள்?

பச்சையம்மாள் கேட்பாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஏறியதுமே அவள் ஆரம்பித்துவிட்டாள். “பதினஞ்சாந் தேதி எம்மவ ஸ்கூல்ல டான்ஸ் ஆடுறாக்கா. வருஷா வருஷம் அன்னிக்கும் வேல வச்சிர்றாங்க, ஒருதடவ கூட நான் பாத்ததில்ல. நாயித்துக்கெழம ஆடச் சொல்லுடின்னா, ‘ஒனக்காக கொடியேத்துற நாள மாத்துவாங்களாம்மா’ங்கறா, திமிரப் பாரு!” பஸ்ஸே சிரித்தது. அந்தப் பச்சையம்மாள் அடுப்படியில் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, விண்ணரசி அக்காவே சொல்லிட்டாங்க என்று மறுபேச்சில்லாமல் பஸ் ஏறுவாள். இவர் எழுதிப்போட்டால் திட்டிக்கொண்டாவது வருவாள். அக்கா சொன்னால் திட்டக்கூட மாட்டாள்.

ஜெயப்பிரகாஷ் தன் போனை எடுத்து, பதிவை ஓடவிட்டு, மேஜைமேல் அவள் பக்கம் நகர்த்தினார். “இதுலயே பேசிருங்க. நான் அனுப்பிக்கிறேன்.”

சின்னச் சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது.

“வேணாங்க சார்.”

“என்னது வேணாம்?”

“நான் சொல்லலைங்க.”

“லீடர் போஸ்ட்டுக்கு வேற ஆளப் பாக்கவா அப்ப?”

“பாத்துக்குங்க சார்.”

அவர் போனை எடுத்து நிறுத்தினார். அவள் எழுந்தாள். டீயில் ஆடை படிந்துவிட்டிருந்தது.

“மெஷினு சும்மா நிக்குதுங்க. வரேன்” என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.