வீட்டு விசயம்

சோற்றுக் கோப்பை சுவரில் மோதிச் சிதறியபோது சுலோஜனா அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஓடி வந்து பார்த்தாள். அவள் கணவன் விஜிதரன், அவளுடைய தகப்பனின் மேற்கையை இறுகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"தின்னத் தெரியாட்டி ஏன் கிழவா இருந்து உயிரை எடுக்கிறாய்?"

தகப்பன் நல்லரத்தினத்துக்கு எழுபத்தாறு வயது. இரண்டு வருடமாகக் கை நடுக்கம். களுதாவளையில் ஒரு கல்யாணத்துக்கென்று மருமகன் போட்டிருந்த வெள்ளைச் சேட்டில் குழம்பு தெறித்துவிட்டது. குற்றம் அவ்வளவுதான். விஜிதரன் அவரைக் கதவுநிலையோடு மோதினான். ஒரு தரம்; பிறகு இன்னொரு தரம். நெற்றி பிளந்து இரத்தம் மீசையில் இறங்கியது. அவர் கத்தவில்லை.

சுலோஜனா தடுக்கவுமில்லை. அவன் வெளியே போனபின் துவாயால் காயத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு தகப்பனின் காதருகே சொன்னாள்:

"அப்பா, ஆரும் கேட்டா வழுக்கி விழுந்த எண்டு சொல்லுங்க."

"ஓம் புள்ள."

ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையல் போடவந்த தாதி ஸஹீதா, அவருடைய இரத்தம் ஊறிய சட்டையைக் கழற்றியதும் ஒரு கணம் நின்றாள். மேற்கையின் உட்பக்கம் நான்கு விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. அதன் கீழே மஞ்சளாகிப்போன பழைய கன்றல்கள். தைத்து முடித்துவிட்டுச் சுலோஜனாவை மட்டும் விறாந்தைக்கு அழைத்தாள்.

"தங்கச்சி, விழுந்தா முழங்கை, முழங்கால்தான் உரஞ்சும். கைக்குள்ள விரல் பதியாது. ஆர் அடிக்கிற?"

"அது வீட்டு விசயம், மிஸ்."

"வீட்டுக்குள்ள செத்தாலும் வீட்டு விசயமா? இண்டைக்கி நெத்தி. அடுத்த தரம் தைக்கிறதுக்கு ஆள் இரிக்காது. நான் டொக்டரிட்ட சொல்லத்தான் போறன். ஆனா உண்மை உங்கட வாயால வரணும்."

சுலோஜனா தகப்பனை ஓட்டோவில் ஏற்றினாள்.

வீட்டில் விஜிதரனோடு அவன் தாய்மாமன் இராசதுரையும் காத்திருந்தார். ஊர்க்கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்; அவர் சொல்லுக்கு ஊர் அடங்கும்.

"சண்டை வெளிய போனா குடிக்குத்தான் மானக்கேடு. கிழவரைக் கொண்டுபோய் வயோதிபர் இல்லத்தில விடு. புருசனோட நிம்மதியா இரி."

"இது அப்பா கட்டின வீடு, மாமா."

"அதைத்தான் உனக்குச் சீதனமா எழுதித் தந்திட்டாரே. இனி அவருக்கு இதில என்ன இரிக்கி?"

நல்லரத்தினம் பொல்லை ஊன்றி எழும்பினார். "நான் போறன் புள்ள."

"நடிக்கிறான் பாருங்க!" விஜிதரன் பொல்லை உதைத்தான். கிழவர் முகங்குப்புற விழுந்தார். தையல் பிரிந்து சீமெந்துத் தரையில் இரத்தம் பரவியது.

வண்ணக்கர் முகத்தைத் திருப்பி யன்னலூடாக வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுலோஜனா அந்த முகத்தையே பார்த்தாள். மூன்று வருடமாகத் தானும் அப்படித்தான் திரும்பி நின்றது நெஞ்சில் சுட்டது.

தகப்பனை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் அறைக்குள் போனாள். கணவனின் உடுப்புகளை அள்ளி வந்து முற்றத்தில் எறிந்தாள். அவன் பாய்ந்து வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. இரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"வீட்டை என்ட பேரில எழுதினாத்தான் தாலி எண்டு நிண்டது நீங்கதான், மாமா. இது என்ட வீடு. ரெண்டு பேரும் வெளிய போங்க."

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தொலைபேசியை எடுத்துப் பொலிசோடு பேசினாள்.

"என்ட புருசன் என்ட அப்பாவை அடிக்கிறார். மூணு வருசமா. நான் பாத்துக்கிட்டு இருந்தன்."

அன்று பின்னேரமே விஜிதரனைப் பொலிஸ் கொண்டுபோனது. பிரிந்த தையலைத் திரும்பப் போட்ட தாதி ஸஹீதா, தான் கண்ட கன்றல்களைப் பொலிசில் சொன்னதை ஊரே பேசியது. மறுநாள் கோயிலிலிருந்து ஆள் வந்தது: புருசனைப் பிடித்துக் கொடுத்தவளுக்கு இந்த முறை திருவிழாவில் பங்கில்லை, வண்ணக்கரின் உத்தரவு. அவள் கேட்டுவிட்டு, தகப்பனுக்குச் சோறு ஊட்ட உள்ளே போனாள்.

பத்தாம் நாள் காலையில் படலையருகே வண்ணக்கரின் தாய் அன்னப்பூரணி வந்து நின்றாள். எண்பத்திரண்டு வயது. மகன்தான் சமாதானம் பேச அனுப்பியிருக்கிறான் என்று சுலோஜனா முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

கிழவி தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். பிறகு முதுகிலிருந்த சேலையை மெல்ல விலக்கினாள். தோளிலிருந்து இடுப்புவரை பிரம்படித் தழும்புகள். சில இன்னும் காயவில்லை.

"அந்த நேர்ஸ் புள்ள இண்டைக்கி ஆஸ்பத்திரியில இரிப்பாளா, மகள்?"