மழைக்காரர் உயிரோடு வந்த நாள்

மாகாணத்தின் மறைந்த பெரிய மனிதர்களையும் பெயர்பெற்ற இடங்களையும் ஒரே புத்தகத்தில் அடக்கும் வேலை தொகுப்பாசிரியை அம்மாவுடையது. ஐந்து வருடம் அதோடு மல்லுக்கட்டி, கடைசிப் புரூஃபை அச்சகத்துக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வயதான தம்பதி உள்ளே வந்தார்கள்.

“நூலகத்துல மாதிரிப் படியைப் பார்த்தோம்மா. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல செத்துப்போயிருக்கறது இவர்தான்,” என்றாள் கிழவி. “என்னை ஒரு வார்த்தை கேக்காம விதவையாக்கிட்டீங்களே!”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உயிரோடிருப்பவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. மூன்று கடிதம் அனுப்பியும் பதில் போடாதவரை மறைந்தவர் என்று எடுத்துக்கொள்வது அலுவலக வழக்கம்.

“பதில் போட்டேனே,” என்றார் கிழவர். தினமும் மழையை அளந்து எழுதுவதால் ஊரில் அவருக்கு மழைக்காரர் என்றே பெயர். “மாசாமாசம் அனுப்பற மழைக் கணக்கு அட்டையோட பின்னாடியே எழுதினேன்.”

“ஐயோ, அது வானிலை ஆபீசுக்குப் போயிருக்குமே!”

“ரெண்டும் கவர்மென்ட்தானேம்மா?”

அம்மா சிவப்புப் பேனாவை எடுத்தார். மழைக்காரர் சட்டென்று தாளின்மேல் கையை வைத்தார்.

“அடிக்காதீங்க. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?” என்று சீறினாள் கிழவி.

“நீ சும்மா இரு. அம்மா, நான் பொறந்த ஊருன்னுதான் எங்க ஊரைப் போட்டிருக்கீங்க. என்னை எடுத்தா ஊரும் போயிடும். இந்தப் புத்தகத்துல இல்லாத ஊருக்கு இனிமே பஸ் கிடையாதாம். மலைமேல பதினோரு வீடு. இவளுக்கு வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரி.”

உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பவரைச் செத்தவர் என்று அச்சடிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. கிழவியின் வீங்கிய கால்களையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“மாகாணத்துலயே அதிக மழை உங்க ஊர்லதானா? அப்படின்னா இடங்கள் பகுதியில தனியாவே போட்டுடலாம்.”

மழைக்காரர் தலையைச் சொறிந்தார். “பக்கத்து மலையில எங்களைவிட ரெண்டு விரக்கடை அதிகம்மா.”

“ஆமான்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?” கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். “நாப்பத்திமூணு வருஷம் இப்படித்தாம்மா. எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட அளந்துட்டுத்தான் வந்து நின்னாரு. இவரு காய்ச்சல்ல கெடந்தப்போ குடையைப் பிடிச்சிக்கிட்டு நான் போய் அளந்தேன். ஒரு நாள் விட்டதில்ல.”

“ஒரு நாள்கூடவா?”

“வேணும்னா அட்டையைப் பாருங்க.”

அம்மா வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அரைமணி நேரம் காக்க வைத்துவிட்டு, அங்கிருந்த குமாஸ்தா வியந்துபோய்ச் சொன்னார்: “அப்படி ஒரு ஊர் மாகாணத்துல இது ஒண்ணுதாம்மா. அட்டைங்க பின்னாடி ஏதோ கடிதமெல்லாம் வேற இருக்கு.”

அம்மா புரூஃபின் ஓரத்தில் எழுதிப் படித்துக் காட்டினார்: “நாற்பத்துமூன்று ஆண்டுகள் ஒரு நாளும் விடாமல் மழை அளக்கப்பட்ட ஊர்.” பிறகு, “உங்க பேரு வராதுங்க ஐயா,” என்றார் தயக்கத்துடன்.

“பஸ் வரும்ல? அது போதும்.”

அம்மா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பி மழைக்காரரின் பெயர்மேல் கோடு போட்டார்.

“இன்னும் நல்லா அழுத்தி அடிங்கம்மா,” என்றாள் கிழவி. “துளிகூடத் தெரியக் கூடாது.”