கரவாங்கை உடைத்தவள்

எங்கள் தொழிலில் ஒரு விசித்திரமான மரியாதை உண்டு. அனுப்புகிற செய்தியை அடுத்தவர் படிக்க முடியாதபடி கணக்கிலேயே ஒருவர் பூட்டு ஒன்றைச் செய்து உலகத்தின் முன் வைப்பார். மற்றவர்கள் அதை உடைக்கப் பார்க்க வேண்டும். உடைந்துவிட்டால் ஊருக்குச் சொல்வதற்கு முன் செய்தவருக்குச் சொல்லி, அவர் வாயால் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும்.

என் பூட்டுக்குப் பெயர் கரவாங். ஆஸ்திரேலியாவில், ஹோபார்ட் ஊரில், என் வீட்டுக் கொல்லையில் வந்து கத்தும் கறுப்புப் பறவையின் பெயர்தான். நாளைக்குக் குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் அசையாது என்று ஒன்பது வருஷம் உட்கார்ந்து செய்தது. இப்படிப்பட்ட பூட்டுகளுக்கு நடக்கும் சர்வதேசத் தேர்வில் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டது. தேறினால் உலகத்து வங்கியும் ஆஸ்பத்திரியும் அதை வைத்துத்தான் பூட்டிக்கொள்ளும். தேறாவிட்டால் காட்டிக்கொள்ள என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் உடைக்க ஒருவரும் வரவில்லை. அவ்வளவு பலம் என்று பேசிக்கொண்டார்கள். பலமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, அதை விளக்கி நான் எழுதிய கட்டுரையை யாரும் படிக்கவில்லை. மாநாடுகளில் கைகுலுக்கி அருமையான வேலை என்பார்கள். எந்த இடம் அருமை என்று கேட்டால் காபி எடுக்கப் போய்விடுவார்கள். மனைவி ஜோசலின் பிரிந்து போனதும் அந்த வருஷங்களில்தான். சண்டை ஒன்றும் இல்லை. வீட்டில் என் பேச்சைக் கேட்கவும் ஆள் இல்லை, அவள் பேச்சைக் கேட்கவும் ஆள் இல்லை.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நியூசிலாந்திலிருந்து, டனீடின் ஊரிலிருந்து, ஒரு பெண் அழைத்தாள். மெரேயானா என்று பெயர். அங்கே கல்லூரியில் கணக்கு சொல்லித் தருகிறவள். சுற்றி வளைக்கவில்லை. கரவாங்கை உடைத்துவிட்டதாகவும், அதற்குத் தன் பழைய லேப்டாப்பே போதுமாக இருந்ததாகவும், சனி ஞாயிறிலேயே வேலை முடிந்துவிட்டதாகவும் சொன்னாள். குரலில் துக்கம் விசாரிக்கிற தணிவு.

நான் ஃபோனை வைக்கப் போனேன். அவள் விடவில்லை.

"முப்பத்தெட்டாம் பக்கத்துல நேரா போகாம பின்பக்கமா சுத்தி வர்றீங்களே, அத எத்தனை தடவ படிச்சேன்னு கணக்கே இல்ல. உடைக்கவே மனசு வரல."

அந்த இடத்துக்கு நான் ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவழித்திருந்தேன். அதைப் பற்றி ஒரு மனுஷர் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரிபார்த்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உடைத்த விதத்தைப் படிப்படியாக எழுதி அவள் அனுப்பியதைப் படித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எல்லாம் சரி. கரவாங் செத்துவிட்டது.

மறுநாள் அவள் அழைத்தபோது, மூன்றாம் படியில் ஒரு சந்தேகம் இருக்கிறது என்றேன். ஒரு சந்தேகமும் இல்லை. ஒப்புக்கொண்டால் பேச்சு முடிந்துவிடும், அவ்வளவுதான். அவள் பொறுமையாக விளக்கினாள். அடுத்த நாள் ஐந்தாம் படியைப் பிடித்துக்கொண்டேன். வீம்பு பிடித்த கிழவன் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும். அங்கே கடிகாரம் எங்களைவிட இரண்டு மணி முன்னால் ஓடுகிறது. அவள் ராத்திரிச் சமையலில் இருப்பாள். கிழங்கு வேகும், நாய் குரைக்கும், நடுவில் கணக்கு ஓடும். நானும் ஐந்து மணிக்கே தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தேன். எவ்வளவோ வருஷத்துக்குப் பிறகு ஒருவரோடு சேர்ந்து சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவளே கேட்டுவிட்டாள்.

"டெஸ், முதல் நாளே புரிஞ்சிடுச்சுல்ல உங்களுக்கு?"

"புரிஞ்சிடுச்சு," என்றேன். "சுத்தமா உடைஞ்சிடுச்சு, மெரே. ஊருக்குச் சொல்லிடு."

அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க கேட்ட ஒரு கேள்வியும் உங்க மூளைக்கு லாயக்கா இல்ல. தெரிஞ்சுதான் தினமும் கூப்பிட்டேன். இங்க முப்பத்தெட்டாம் பக்கத்தப் பத்தி நாய்கிட்டதான் பேசணும்."

இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். இன்னொன்று செய்வேன், வேறு என்ன தெரியும் எனக்கு என்றேன்.

"செய்யுங்க. ஆனா இந்தத் தடவ கொஞ்சம் கஷ்டமா செய்யுங்க. ரெண்டு நாள்ல முடிஞ்சிடக் கூடாது."

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெள்ளைத் தாளோடு உட்கார்ந்தேன். ஒரு பூட்டுச் செய்ய எனக்கு ஒன்பது வருஷம் ஆகிறது. வயது அறுபத்தேழு. அதுவரை எந்தச் சாக்கை வைத்து அவளைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மனுஷர்களைச் சும்மா கூப்பிட்டுப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.