கடைசி அறை வகுப்பு

"கதவைத் திறடி. நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல நீ."

அம்மா மறுபடி கதவைத் தட்டினாள். வெளியூரில் டீச்சர் வேலைக்குப் போன மகள், அரை வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் பெட்டியோடு திரும்பியிருந்தாள். வகுப்பில் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முகத்தில் உயிரில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"அம்மா, உங்க ஸ்கூல்ல புதுசா வர்றவங்களுக்கு எந்த கிளாஸ் குடுப்பீங்க?"

அம்மா தட்டிய கையை இறக்கிக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் பள்ளியில் எல்லோரும் அவளைப் பெரிய டீச்சர் என்பார்கள். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: யாரும் எட்டிப் பார்க்காத கடைசி அறை வகுப்பு புதிதாக வந்தவர் தலையில். "நாம மட்டும் என்ன பூமேல நடந்தா வந்தோம்?" என்று ஓய்வறையில் சொல்லிச் சிரிப்பவளும் அவள்தான்.

அந்த வாரம் பள்ளியில் ஒரு பயிற்சிப் பட்டறை. புது ஆசிரியர்கள் ஏன் ஓடிப்போகிறார்கள், அவர்களுக்கு எப்படிக் கைகொடுப்பது என்று யோசிக்கத்தான். வந்த பயிற்சியாளர் அதை டிசைன் திங்கிங், சிரமப்படுபவரின் இடத்தில் நின்று தீர்வு தேடும் முறை, என்றார்.

"தீர்வெல்லாம் அப்புறம். முதல்ல அவங்ககூட ஒரு நாள் இருந்து பாருங்க. அவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு தெரியணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். வரவேற்பு விழா, வழிகாட்டிப் புத்தகம் என்று வண்ணத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கடைசி அறையில் இருந்த புது டீச்சரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவர்களுடைய வகுப்புகளையும் சேர்த்து அவள்தான் மேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெரிய டீச்சர் கடைசி அறையில் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சந்தை இரைச்சல். மதியத்துக்குள் புது டீச்சரின் குரல் உடைந்துபோனது. மேசைமேல் தண்ணீர் பாட்டில் திறக்காமலே இருந்தது.

"கொஞ்சம் குடியேம்மா."

"குடிச்சா பாத்ரூம் போகணும் மேடம். இவங்கள யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

மூலையில் ஆணியில் ஒரு சால்வை தொங்கியது.

"யாரோடது?"

"முன்னாடி இருந்த டீச்சரோடது. பாதிப் பாடத்துல எழுந்து போனவங்க, திரும்ப வரவே இல்லையாம். அதத் தொடவே பயமா இருக்கு மேடம்."

அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். ஒடுங்கிய அந்தத் தோள்கள் மகளுடையவை. பெரிய டீச்சர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அப்போதும் அங்கே மகள்தான் நின்றாள்.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், கடைசி ரூம் கிளாஸை நான் எடுத்துக்கறேன். என் கிளாஸை அந்தப் பொண்ணுக்குக் குடுங்க."

"உங்களுக்கென்ன தலையெழுத்து? நாளைக்கு எல்லா சீனியரும் அங்க போகணும்னு பேச்சு வரும்."

"வரட்டும் சார்."

"பட்டறை நடத்துனதுக்கு மேலிடத்துலேர்ந்து பாராட்டே வந்தாச்சு. இன்னும் என்னதான் செய்யணும்கறீங்க?"

அவள் திரும்பி நடந்தாள். வெளியே வந்து, கால அட்டவணைப் பலகையில் புது டீச்சரின் பெயரைக் கையாலேயே அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். ஓய்வறைக்குள் போனாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பு எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒரு சிறுமி. குறும்பு துளியும் இல்லை; மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள்:

"நீங்க எப்போ போவீங்க டீச்சர்?"

பெரிய டீச்சர் நாற்காலியை இழுத்து அவளெதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"உன் பேரு என்னம்மா?"