வண்டிக்குள் ஒருத்தி

சாவியைத் திருப்பியதும் அவள் பேசுவாள். வண்டிக்குள் பதிந்துவைத்த ஜப்பானியப் பெண் குரல். வெல்லப்பாகு மாதிரி இழையும். என்ன சொல்கிறாள் என்று சவுசவு என்ற அந்த ஃபிஜி ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எபேலி ஒவ்வொரு காலையும் தலையை லேசாகத் தாழ்த்தி, "சரிம்மா, கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

அடுக்களை வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் அவன் மனைவி லோசலினிக்கு வயிறு பற்றி எரியும்.

பழைய வண்டிதான். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி ஃபிஜிக்கு வந்தது. ஆனால் எபேலியின் குடும்பத்திலேயே அதுதான் முதல் வண்டி. கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று சாயங்காலம் தவறாமல் நல்ல தண்ணீரால் அதன் அடிப்பாகத்தைக் கழுவுவான். பிறகு பாயை விரித்து அடியில் படுத்து, துருவைச் சுரண்டி எண்ணெய் தடவுவான். கல்யாணமான புதிதில் அவள் கூந்தலுக்கும் இப்படித்தான் பொறுமையாகத் தடவிவிட்டான்.

"என் குதிகால் வெடிச்சுக் கிடக்கு. அதைக் கவனிக்க ஆளில்ல."

"இரு லோசா, இந்தப் பக்கம் முடிச்சிடறேன்." வண்டிக்கடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவ அப்படி என்னதான் சொல்றா உங்கிட்ட?"

"யாருக்குத் தெரியும்? திட்டல. அது போதாதா?"

அது சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட வந்த தம்பி சகியாசியை அவள் தனியே இழுத்தாள்.

"அவர்கிட்ட வண்டியக் கேளு. ஒரு வாரம் வச்சுக்கிட்டுக் கொண்டாந்து விடு."

சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்வது அங்கே வழக்கமில்லை. கெரெகெரே என்பார்கள். சட்டையானாலும் படகானாலும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அதைவிடக் கேவலம்.

"என்ன மச்சான், வண்டி வந்ததும் பெருமையில கழுத்து நீண்டுபோச்சு?" என்று சகியாசி சாப்பாட்டில் ஆரம்பித்தான்.

"உன் வாய்தான் நீளம். மீன் முள்ளு குத்திக்கப் போகுது, பாத்து."

"அப்ப வண்டிய எனக்குக் குடேன் மச்சான்."

எபேலியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. கண் மட்டும் அணைந்துபோனது. சாவியை எடுத்து நீட்டினான்.

அன்று சாயங்காலம் லோசலினி தேங்காய்ப்பாலில் மீன் கொதிக்கவைத்தாள். தலை சீவிச் செம்பருத்தி வைத்துக்கொண்டாள். அவனோ படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றான். வண்டி இருந்தபோது சீட்டியாவது அடிப்பான், இப்போது அதுவும் இல்லை. வண்டி வாசலில் நின்றபோது தோற்றதைவிட, அது இல்லாதபோதுதான் அந்தக் குரல்காரியிடம் லோசலினி அதிகம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழிந்தது. சகியாசி வரவில்லை.

"போய்க் கேளேன்."

"குடுத்ததையா? ஊரே சிரிக்கும்."

"நான்தான் அவனைக் கேக்கச் சொன்னேன்," என்றாள் அவள்.

எபேலி திரும்பிப் பார்த்தான். "எதுக்கு லோசா?"

"எனக்குப் பொறுக்கல."

அவன் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த மனுஷன் இனி தன்னிடம் பேசவே மாட்டானோ என்று பயம் வந்தது.

மறுநாள் பஸ் பிடித்துத் தம்பி ஊருக்குப் போனாள். வண்டியின் பின் சீட்டில் மீன் செதில் ஒட்டிக்கிடந்தது.

"நீதானே அக்கா கேக்கச் சொன்ன! இப்பத்தான் எனக்குக் கை பழகியிருக்கு."

"இப்ப நான் கேக்கறேன். வண்டிய எனக்குக் குடு."

சகியாசி தலையைச் சொறிந்தான். "இது அநியாயம்க்கா." ஆனால் அவளும் வாய்விட்டுக் கேட்டாகிவிட்டது. அவனே ஓட்டிவந்து, வீட்டு வாசலில் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தான்.

சத்தம் கேட்டு எபேலி ஓடிவந்தான். முதலில் வண்டியைத்தான் சுற்றிவந்தான். கதவைத் தடவினான், கீறலைத் தேடினான். பிறகுதான் முன் சீட்டில் மனைவி இருப்பதைக் கண்டான். அதையும் அவள் மனசில் குறித்துக்கொண்டாள்.

"லோசா! சாவி எங்க?"

"எங்கிட்ட."

"குடு."

"நீ சகியாசிக்குக் குடுத்த. அவன் எனக்குக் குடுத்தான். இப்ப இது யாரு வண்டி?"

அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். எப்படி யோசித்தாலும் அதற்கு ஒரே பதில்தான்.

"அப்ப நான் வேலைக்கு எப்படிப் போறது?"

"கேளு. கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டேன். தினமும் கேக்கணும், அவ்வளவுதான்."

எபேலி ஈரப் புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். ஊர்த்தலைவர் முன்னால் செய்வதுபோல உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினான். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். லோசலினி மட்டும் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டாள்.

"லோசா, சாவியத் தாயேன்."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா கேப்பாங்க?" என்றாள். "இன்னும் கொஞ்சம் கிட்ட வா."